கரம்பையா, கல் மாவா?

சித்திரையில் கம்மாய் வற்றிவிட்டால் எங்கள் சிவகங்கைப் பக்கம் டீக்கடையில் ஒரே பேச்சுதான்: யார் எத்தனை நடை கரம்பை, அதாவது கம்மாய் அடியில் படிந்த வண்டல் மண், அடிக்கிறார்கள் என்பது. இந்த வருஷம் அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தங்கச்சி வீட்டுக்காரர் மார்த்தாண்டத்திலிருந்து போன் போட்டார். "மச்சான், எரிமலைக் கல்லை மாவா அரைச்சு வயல்ல போட்டா செத்த மண்ணு கூட உயிர் பிடிச்சுக்குமாமே. நானும் போடலாம்னு இருக்கேன். நீங்களும் கரம்பைக்குச் செலவழிக்கிறதை நிறுத்திட்டு அதைப் போட்டுப் பாருங்களேன்."

அவரிடம் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அவர் நிலம் வேறு, என் நிலம் வேறு. அவருடையது வெட்டுக்கல் வெட்டி எடுக்கிற சிவப்பு மண், வருஷத்தில் இரண்டு பருவமும் மழை, வாழை நிற்கிறது. என்னுடையது மூன்று ஏக்கர் செவல், அதாவது செம்மண். ஒன்றரை அடி தோண்டினால் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) தட்டும். ஐப்பசி கார்த்திகை மழையை நம்பிக் கடலையும் உளுந்தும் போடுகிறேன். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. கரம்பை அடிப்பது ஆறு டெல்டாவில் செய்கிற வேலையை நாம் டிராக்டரில் செய்வது. கல் மாவு போடுவது எரிமலை செய்கிற வேலையை நாம் கிரஷரில் செய்வது. எதற்குக் காசு போடலாம் என்று முடிவெடுக்க வேண்டுமானால், அந்த இரண்டும் சொந்த ஊரில் எப்படி வேலை செய்கின்றன என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

ஆற்றிலிருந்து தொடங்குகிறேன். மலையில் பாறை உடைகிறது, காட்டில் இலை மட்குகிறது, மழை இரண்டையும் வாரிக்கொண்டு வருகிறது. சமவெளியில் ஓட்டம் தளரும்போது கனமான மணல் முதலில் இறங்குகிறது, அப்புறம் வண்டல், கடைசியாகக் களி. ஒரே டெல்டாவுக்குள் தலைமடை மண்ணும் கடைமடை மண்ணும் வேறு வேறாக இருப்பது இதனால்தான். ஆறு கொண்டுவருவது வெறும் கல்பொடி இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நீர்ப்பிடிப்பு முழுவதிலும் ஏற்கெனவே மழையில் ஊறி, வேர் பட்டு, நுண்ணுயிர் தொட்டுப் பக்குவமான மேல்மண் அது. வந்து இறங்கிய வருஷமே பயிர் அதில் சாப்பிட ஆரம்பித்துவிடும்.

இதற்கு எகிப்தை விடப் பெரிய சாட்சி கிடையாது. எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் பெய்யும் மழை, நீல நைல் வழியாகவும் அத்பாரா ஆற்றின் வழியாகவும் இறங்கி, வருஷா வருஷம் எகிப்தின் வயல்களை மூழ்கடித்துவிட்டு வடியும். வடிந்த இடத்தில் கறுப்பாக ஒரு படலம் நிற்கும். பழைய எகிப்தியர்கள் தங்கள் நாட்டையே 'கெமெத்', அதாவது கறுப்பு நிலம் என்றுதான் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அந்தப் படலத்திலேயே கோதுமை விளைந்தது. 1970இல் அஸ்வான் உயர் அணை கட்டி முடிந்ததும் வண்டல் நாசர் ஏரியின் அடியில் தங்கிவிட்டது. தண்ணீர் வருஷம் முழுக்கக் கிடைத்தது, மின்சாரம் கிடைத்தது. ஆனால் வயலுக்கு மூட்டை உரம் வாங்க வேண்டியதாயிற்று. டெல்டாவின் கடலோரத்தையும் அலை அரித்துக்கொண்டிருக்கிறது. நமக்கும் இந்தக் கதை புதிதில்லை. 1934இல் மேட்டூர் அணை வந்ததிலிருந்து காவிரியின் வண்டலில் பெரும்பங்கு அணைக்கு உள்ளேயே படிந்துவிடுகிறது. தஞ்சாவூர் வயல்கள் இன்று தின்று கொண்டிருப்பது பெரும்பாலும் பழைய சேமிப்பை.

எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். அந்த எத்தியோப்பிய மேட்டுநிலம் எதனால் ஆனது? சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலம் பிளந்து வழிந்த எரிமலைக் குழம்பால் ஆனது. நைல் கொண்டுவந்த கறுப்பு வண்டலில் பெரும்பகுதி, மழை பொடித்த லாவாதான். நம் கோதாவரியும் கிருஷ்ணாவும் அப்படியே. மகாராஷ்டிரத்தின் தக்காண லாவாப் பரப்பில், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்து உறைந்த பாறையில் பிறந்து, அந்தப் பாறையைக் கரைத்துக் கொண்டுபோய் ஆந்திரக் கடலோரத்தில் கொட்டுகின்றன. காவிரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது ஓடிவரும் வழியில் லாவா கிடையாது, பழைய கடினப் பாறைதான். ஆக 'ஆறா எரிமலையா' என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதே பாதி தப்பு. எரிமலை சரக்கைக் கொடுக்கிறது. ஆறு அதை அரைத்து, பக்குவமாக்கி, வீட்டு வாசலில் இறக்குகிறது.

(போகிற போக்கில் ஒன்று. கோவில்பட்டிக் கரிசலையும் எரிமலை மண் என்று சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். தக்காண லாவா தமிழ்நாடு வரை வரவில்லை. நம் கரிசல் இங்கே இருக்கிற பாறையிலிருந்தே, வறண்ட காலநிலையிலும் வடியாத பள்ளத்திலும் உருவான மண். நிறத்தைப் பார்த்துப் பிறப்பைச் சொல்ல முடியாது.)

சரி, எரிமலை. இதற்கு ஜாவாவுக்குப் போக வேண்டும். மெராப்பி, கெலுட் என்று வரிசையாக உயிருள்ள எரிமலைகள். அடிவாரமெல்லாம் படிப்படியாக நெல் வயல். ஏறக்குறைய தமிழ்நாட்டின் பரப்பளவே உள்ள அந்தத் தீவில் 15 கோடிக்கும் மேல் மக்கள் வாழ்கிறார்கள். பக்கத்தில் போர்னியோ தீவின் காலிமந்தானைப் பாருங்கள். அதே வெயில், அதே மழை, ஜாவாவைவிடப் பல மடங்கு பெரிய நிலம். மக்கள் தொகை அதில் ஒரு சிறு பங்குதான். இதற்கு மண் மட்டும் காரணமில்லை, ஆனால் மண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. கொட்டுகிற மழை சுண்ணாம்புச் சத்து, மெக்னீசியம், பொட்டாஷ் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விடும். இரும்பும் அலுமினியமும் மட்டும் மிஞ்சும். காலிமந்தானில் கழுவிப் போனது போனதுதான். ஜாவாவில் கழுவிப் போன இடத்தில் மறுபடி சாம்பல் வந்து விழுகிறது.

சாம்பல் என்றால் அடுப்புச் சாம்பல் மாதிரி நினைக்கக் கூடாது. அது பொடிந்த கண்ணாடி. படிகமாக உறைந்த பாறையைவிடக் கண்ணாடி சீக்கிரம் கரையும். கரையும்போது உண்டாகும் ஒரு வகைக் களி, மட்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீரையும் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைக்கும். கறுப்பாக, பொலபொலவென்று, கையில் எடுத்தால் கனமே தெரியாத மண்.

ஆனால் எரிமலையின் கணக்கில் கழித்தலும் உண்டு. 1815இல் தம்போரா வெடித்தபோது சும்பாவா தீவிலும் பக்கத்து லொம்போக்கிலும் சாம்பல் பயிரை மூடி, பஞ்சத்திலும் நோயிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். 1783இல் ஐஸ்லாந்தின் லாகி பிளவிலிருந்து வந்த ஃப்ளோரின் புல்லில் படிந்து ஆடுமாடுகள் செத்தன. பின்னாலேயே வந்த பஞ்சத்தில் நாட்டு மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. பலன் எல்லாம் பேரப்பிள்ளைகளுக்குத்தான். புதிதாக விழுந்த சாம்பலில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய கிடையாது. பாசியும் பெரணியும் வந்து, செடி முளைத்து, மட்கிச் சேர்ந்தால்தான் உண்டு. நல்ல எரிமலை மண்ணில் இன்னொரு சிக்கல், போடுகிற மணிச்சத்தை (பாஸ்பரஸ்) களி இறுகப் பிடித்துக்கொண்டு பயிருக்கு விடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மழை வேண்டும். மழை இல்லாத ஊரில் லாவா பல நூறு ஆண்டானாலும் லாவாவாகவே கிடக்கும்.

வீட்டில் இதை விளக்கும்போது நான் சொல்வது இப்படி: ஆற்று வண்டல் ஆட்டி வைத்த மாவு, எரிமலைக் கல் இன்னும் ஊறப் போடாத அரிசி. அரிசியில் குறையில்லை. ஊற வைக்கத் தண்ணீரும் பொறுமையும் உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இப்போது வயலுக்கு வருவோம்.

கரம்பை என் தேர்வு. காரணம் சத்து அல்ல, ஈரம். செவலில் மணல் அதிகம். மழை பெய்த மூன்றாம் நாளே வேர் பக்கம் காய்ந்துவிடும். கம்மாயில் படிந்திருப்பது சுற்றுவட்டாரத்து மேல்மண்ணின் நைஸான பகுதி. அதைச் செவலில் கலந்தால் ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையில் பயிர் தாங்குகிற நாள் கூடுகிறது. கூடவே மட்கும், கொஞ்சம் பொட்டாஷும் வருகிறது. தெலங்கானாவில் 2015இல் மிஷன் காகதீயா திட்டத்தில் ஏரிகளைத் தூர்வாரியபோது, எடுத்த மண்ணைப் பருத்தி, மக்காச்சோள நிலங்களில் விவசாயிகள் கொண்டுபோய்க் கொட்டியதும் இதற்காகத்தான்.

நம் அரசும் இதற்கு வழி வைத்திருக்கிறது. விவசாயத்துக்கு வண்டல் எடுக்கப் பணம் கட்ட வேண்டியதில்லை. 2024 முதல் தாசில்தார் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கனமீட்டர், புஞ்சைக்கு 90 கனமீட்டர் என்பது வரம்பு. 90 கனமீட்டரை ஒரு ஏக்கரில் நிரவினால் சுமார் 2 சென்டிமீட்டர் கனம் வரும். டிராக்டருக்கு ஒரு யூனிட் (நூறு கன அடி) என்று வைத்தால் முப்பது நடைக்கு மேல். மண் இலவசம், ஜேசிபி வாடகையும் டிராக்டர் நடைக்கூலியும் நம்முடையது. ஆகவே கம்மாய் கிட்டத்தில் இருந்தால் மட்டுமே இது கட்டுபடியாகும். ஐந்தாறு கிலோமீட்டருக்கு மேல் போனால் நான் யோசிப்பேன்.

முதல் தடவை அடித்தபோது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். குமி குமியாகக் கொட்டிவிட்டு, நிரவுவதற்குள் கோடை மழை பிடித்துக்கொண்டது. குமியின் அடியில் கரம்பை இறுகிச் செங்கல்லாகிவிட்டது. அந்த இடங்களில் அந்த வருஷம் உளுந்து முளைக்கவே இல்லை. அதோடு கோரைக் கிழங்கும் வந்து சேர்ந்தது; இரண்டு வருஷம் ஆள் விட்டுத் தோண்டினோம். அதற்கப்புறம் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். கரம்பையைக் கொட்டி, வெயிலில் நன்றாகக் காயவிட்டு, கட்டி உடைந்து உதிர்ந்த பிறகு நிரவி, உடனே ஒரு உழவு. கம்மாயில் கோரை மண்டிய பக்கமும் காட்டாமணக்கு நின்ற பக்கமும் எடுப்பதில்லை.

இன்னொன்று, அள்ளுவதற்கு முன் பாட்டில் சோதனை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு கரம்பை, மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத் தூள். மூடி நன்றாகக் குலுக்கித் திண்ணையில் வைத்துவிட வேண்டும். ஒரு நிமிஷத்தில் அடியில் படிவது மணல். இரண்டு மூன்று மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல். மறுநாள் காலையிலும் தண்ணீர் கலங்கலாகவே நின்றால் அதில் மிதப்பது களி. மணல் பட்டை பாதிக்கு மேல் வந்தால் அந்தக் குழியை விட்டுவிட்டு வேறு இடம் பார்ப்பேன். என் வயலில் இருக்கிற மணலுக்கு இன்னும் மணல் எதற்கு? ஜேசிபிக்காரர் சீக்கிரம் முடிக்க ஆழமாகவே தோண்டுவார். பக்கத்தில் நின்று, மேலே இருக்கிற கறுத்த அடுக்கை மட்டும் எடுக்கச் சொல்ல வேண்டும். கீழே போனால் சுக்கான்தான் வரும், கம்மாயிலும் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும்.

கரம்பை ஆகாத நிலமும் உண்டு. ஏற்கெனவே களியாக இருக்கிற கரிசலில் கொட்டினால் வடிகால் இன்னும் கெடும். உப்பு பூத்த கம்மாய் மண் வேண்டவே வேண்டாம். சாயக்கழிவோ தோல் கழிவோ வந்து சேர்கிற நீர்நிலை என்றால், எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் கை வைக்காதீர்கள். நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி என்ன ஆயிற்று என்பது கொங்கு நாட்டில் எல்லாருக்கும் தெரியும். சந்தேகமிருந்தால் மண் பரிசோதனை நிலையத்தில் உப்பளவை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

கல் மாவைப் பற்றி மாப்பிள்ளை கேள்விப்பட்டது பொய்யில்லை. அமெரிக்காவின் இல்லினாயில் எக்டேருக்கு 50 டன் வீதம் நான்கு ஆண்டுகள் பசால்ட் (உறைந்த லாவாப் பாறை) பொடி போட்டுப் பார்த்ததில் மக்காச்சோளமும் சோயாவும் 12 முதல் 16 சதவீதம் கூடுதலாக விளைந்தன. பிரேசில் 2013இல் கல் பொடியை வேளாண் இடுபொருளாகச் சட்டத்திலேயே சேர்த்துக்கொண்டது; அங்கே மண் பெரும்பாலும் மழையில் கழுவிப்போன புளிப்பு மண். இந்தியாவில் மாட்டி கார்பன் என்ற நிறுவனம் சிறு விவசாயிகளின் நெல் வயல்களில் பசால்ட் பொடியைப் பரப்புகிறது. கல் கரையும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவையும் பிடித்து வைப்பதால், 2025இல் 5 கோடி டாலர் எக்ஸ்பிரைஸ் பரிசு அதற்குக் கிடைத்தது. நெல்லுக்கு இன்னொரு லாபமும் உண்டு: கல் கரைந்தால் சிலிக்கா வரும், நெல் அதை விரும்பி எடுத்துக்கொள்ளும் பயிர்.

ஆனால் 'கல் மாவு' என்ற பெயரில் எது வருகிறது என்பதில்தான் எனக்குப் பயம். நம் கிரஷரில் எம் சாண்டோடு விழுகிற டஸ்ட், லாவா இல்லை. அது பெரும்பாலும் சார்னகைட், நைஸ் (gneiss) என்ற பழைய கடினப் பாறைகள்; மணலில் இருக்கிற அதே குவார்ட்ஸ் நிறைய. குவார்ட்ஸ் நம் ஆயுளில் கரையாது. செவலில் அதைப் போடுவது மணலுக்கு மணல் சேர்ப்பது. அந்தத் தூசியைச் சுவாசித்தால் நுரையீரலும் போகும். சேலம் சுண்ணாம்புக் கரடு பக்கத்துப் பாறையில் நிக்கலும் குரோமியமும் அதிகம், மெக்னீசியமும் அளவுக்கு மீறி, அதுவும் ஆகாது. லாவாவின் ரத்த சொந்தம் ஒன்று நம்மிடம் இருக்கிறது: கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்துக் கறுப்பு கிரானைட். பெயர்தான் கிரானைட், உண்மையில் டோலரைட், மேலே வழியாமல் பூமிக்குள்ளேயே உறைந்த அதே வகைக் குழம்பு. அந்தக் குவாரிக் கழிவை அரைத்த பொடி என்றால் நான் ஒத்துக்கொள்வேன். பாலிஷ் போடும் பட்டறையின் சேறு வேண்டாம், இயந்திரத்தின் இரும்புத் துகளும் தேய்ப்புப் பொருளும் அதில் கலந்திருக்கும்.

பொடியும் முகப் பவுடர் மாதிரி இருக்க வேண்டும். விரலில் நறநறத்தால் ஊறாத அரிசிதான். எக்டேருக்கு 40 டன் என்று வைத்தாலும் ஏக்கருக்கு 16 டன். ஒரு பெரிய லாரி லோடு. தர்மபுரியிலிருந்து மார்த்தாண்டத்துக்கு லாரி வாடகையை நினைத்துப் பாருங்கள்.

எந்த நிலத்துக்கு இது பொருந்தும்? காலிமந்தான் மாதிரி மழை கழுவிய புளிப்பு மண்ணுக்கு: கன்னியாகுமரியின் சிவப்பு மண், நீலகிரித் தேயிலை மண். கார அமில நிலை (pH) 6க்குக் கீழே இருந்து, மழையும் நன்றாகப் பெய்தால் கல் கரையும். என் வயலில் கரையாது. ஒரு பிடி மண்ணில் கழிப்பறை ஆசிட் இரண்டு சொட்டு விட்டேன், சுர்ரென்று நுரைத்தது. நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம். அந்த மண்ணில் கல் மாவு சும்மா கிடக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடைமடையில் உப்பேறிய வயலுக்கு இந்த இரண்டுமே மருந்தில்லை. அங்கே வடிகாலும் நல்ல தண்ணீரும் முதலில் வேண்டும், களர் (சோடியம் மிகுந்த மண்) என்றால் ஜிப்சம்.

அப்படியானால் மாப்பிள்ளை வாங்கலாமா? புளிப்பை மட்டும் சரிசெய்ய வேண்டுமென்றால் டோலமைட் சுண்ணாம்பு ஒரு பருவத்திலேயே வேலை செய்யும், செலவும் குறைவு. கல் மாவு பல வருஷத்துக்கான முதலீடு. யாராவது இலவசமாகவோ பாதி வாடகையிலோ கொண்டுவந்து கொடுத்தால் அவருக்கு நிச்சயம் நல்லது. சொந்தக் காசில் முழு நிலத்துக்கும் போட நான் சொல்ல மாட்டேன். போனில் இதையெல்லாம் சொன்னதும் சற்று நேரம் சத்தமில்லை. "அப்ப பத்து சென்ட்ல போட்டுப் பாக்கவா மச்சான்?" என்றார்.

போடச் சொல்லியிருக்கிறேன். வாழைத் தோட்டத்தின் ஒரு மூலையில் பத்து சென்ட் கல் மாவு, பக்கத்துப் பத்து சென்ட் டோலமைட், அதற்கடுத்த பத்து சென்ட் ஒன்றும் போடாமல். தொழுஉரம் மூன்றுக்கும் ஒரே அளவு. பொடியை நனைத்துத்தான் வீச வேண்டும், மூக்கில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்குள் வேலையை முடித்துவிடுவதாகச் சொன்னார். என் பக்கம் தாசில்தார் ஆபீசில் மனு கொடுத்தாயிற்று. கம்மாயின் கிழக்கு மூலையில் எடுத்த கரம்பை திண்ணையில் பாட்டிலில் நிற்கிறது. நேற்று மாலை குலுக்கி வைத்தது, இன்னும் தெளியவில்லை.